எடுத்த இடம் எங்கே?

அந்தப் பிஸ்கட் டின்னை நான் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு போனது பெருமையோடுதான். இரண்டாம் ஆண்டில் உள்ளூர் வரலாறு பற்றிய ஒரு விருப்பப் பாடம் எடுத்திருந்தேன். "உங்கள் ஊரைப் பற்றிப் பேசும் ஒரு பொருளைக் கொண்டு வாருங்கள்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் தாத்தாவின் கடவுச்சீட்டு, பழைய புகைப்படம், சோங்காக் பலகை என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டு வந்தார்கள். நான் ஒரு டின் நிறையக் கொண்டு போனேன். மொத்தம் 43 பொருள்கள். எல்லாம் நான் சிறுவயதில் மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவை.

விரிவுரையாளர் ஒரு சதுரக் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்கே கிடைத்தது?" என்று மலாயில் கேட்டார்.

"கெர்லிங்கில். நாங்கள் இருந்த தோட்டத்தில்."

"தோட்டத்தில் எங்கே? வீடுகளுக்குப் பக்கத்திலா, மரக்காட்டிலா, கிணற்றடியிலா? எவ்வளவு ஆழத்தில்? கூடவே வேறு என்ன இருந்தது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. காசைப் பழையபடி டின்னுக்குள் வைத்துவிட்டு, "பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. அது சொல்லியிருக்கக் கூடிய கதையில் பாதியை நீங்கள் மண்ணிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்" என்றார்.

பழம்பொருள் சேர்க்கும் ஆர்வம் உங்களில் பலருக்கும் இருக்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் கட்டாயம் இருக்கும். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

டின்னுக்குள் என்ன இருந்தது?

கெர்லிங், பழைய பிரதான சாலையில் கோலகுபு பாருவுக்கும் களும்பாங்கிற்கும் இடையில் உள்ள சின்ன ஊர். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு கித்தா, இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்தின் பழைய லயத்தை இடித்தார்கள். மண்வாரி இயந்திரம் போன பிறகு மழை பெய்தால் போதும், சிவப்பு மண்ணிலிருந்து ஏதாவது ஒன்று தலைகாட்டும். நானும் என் மாமா மகனும் பள்ளி விட்டு வந்ததும் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவோம்.

முதலில் கிடைத்தது ஒரு மங்கு. கித்தா மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம். பிளாஸ்டிக் மங்கு வருவதற்கு முன்பு பீங்கானிலும் கண்ணாடியிலும் செய்த மங்குகள் புழக்கத்தில் இருந்தன. எனக்குக் கிடைத்தது பழுப்பு மெருகு பூசிய மண் மங்கு. அதன் பிறகு தேய்ந்துபோன பால் உளி ஒன்று. பிடி மக்கிப் போய் இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. கழுத்துக்குள் கோலி உருளும் சோடாப் பாட்டிலின் மேல் பாதி. 1883-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தின் பெயர் புடைப்பாக இருந்த ஒரு பாட்டில் துண்டு. கண்ணாடி வளையல் துண்டுகள், பச்சையும் சிவப்புமாய் ஒரு கைப்பிடி. பொத்தான்கள். விரல் நீள மருந்துக் குப்பிகள். எனாமல் உதிர்ந்த ஒரு தட்டு.

காசுகளும் இருந்தன. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் சதுர வடிவ ஒரு காசு 1919-இல் முதன்முதலாக வந்தது. எனக்குக் கிடைத்தது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட 1920-ஆம் ஆண்டுக் காசு. அதோடு இந்தியாவின் காலணா ஒன்றும் கிடைத்தது. யாரோ நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறி வந்தபோது மடியில் முடிந்து வந்த காசாக அது இருக்கலாம். செலவழிக்க முடியாத ஊருக்கு வந்த பிறகும் அதைத் தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருந்திருக்கலாம். இதெல்லாம் என் கற்பனை. காசு எங்கே, எதனோடு கிடந்தது என்று நான் குறித்து வைத்திருந்தால் கற்பனைக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது.

பள்ளிச் சுற்றுலாவில் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்திக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அங்கே பீரங்கிகளைப் பார்த்தோம், குறிப்பெடுத்தோம், தேர்வில் எழுதினோம். என் டின்னில் இருந்த மங்கைப் பற்றி எந்தத் தேர்விலும் கேள்வி வரவில்லை. அதனால் அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து வெள்ளிக்குப் போன செம்பு

நான் கண்டெடுத்தவற்றிலேயே நல்ல பொருள் இப்போது அந்த டின்னில் இல்லை. அது ஒரு பித்தளைச் செம்பு. படிவம் மூன்று படித்தபோது, விடுமுறையில் ஒரு நாள் கிடைத்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போனதும் கழுத்தடியில் புள்ளி புள்ளியாய்த் தமிழ் எழுத்துகள் தெரிந்தன. பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதானே, அப்படி வெட்டிய ஒரு பெயர்.

அப்போது எனக்கு ஒரு காலணி வாங்க வேண்டியிருந்தது. ஞாயிறு சந்தையில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் செம்பைக் காட்டினேன். "நசுங்கியிருக்கே தங்கச்சி, பதினைந்து வெள்ளி தரேன்" என்றார். கொடுத்துவிட்டேன். அவர் ஏமாற்றவில்லை. விலை பேசும் பொருளாக அதைக் கொண்டு போனவள் நான்தான்.

விரிவுரையாளரின் கேள்விக்குப் பிறகு, தவணை விடுமுறையில் டின்னோடு வீட்டுக்கு வந்தேன். பாட்டிக்கு 78 வயது. அதே தோட்டத்தில் பிறந்தவர், அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒவ்வொரு பொருளாக அவர் கையில் கொடுத்தேன். பாட்டி குப்பிகளைப் பார்த்துவிட்டு, சீன மருந்துக் கடையில் வயிற்றுவலிக்கு வாங்குவது என்றார். உளியைத் தடவிப் பார்த்து, இது இடக்கைக்காரர் தேய்த்த தேய்மானம் என்றார். அது சரியா என்று சோதிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் முப்பது ஆண்டு உளி பிடித்த கை சொல்கிறது.

பேச்சுவாக்கில் செம்பைப் பற்றியும் சொன்னேன்.

"செம்புல பேர் வெட்டியிருந்துச்சா?"

"ஆமாம் பாட்டி."

"என்ன பேரு?"

"மீ-ன்னு ஆரம்பிக்கும். மீதி ஞாபகம் இல்ல."

"எங்க கெடச்சுச்சு? மேட்டு லயத்துப் பக்கமா, ஆத்தோரமா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு வெட்டுன சாமான யாரும் விக்க மாட்டாங்க பாப்பா" என்றார்.

அதன் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து ஆட்களை சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, சில குடும்பங்கள் செம்பு பித்தளையை வீட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்து வைத்தார்களாம். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான். மேட்டு லயத்தில் மட்டும் மூன்று வீட்டு ஆட்கள் திரும்பி வரவில்லை.

சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டார்கள். போர்க் கைதிகளின் பெயர்கள் கல்லறைக் கற்களில் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

என் கையில் ஒரு பெயர் இருந்தது. அந்தச் செம்பு சயாமுக்குப் போனவர் வீட்டுச் செம்புதான் என்று நான் சொல்ல வரவில்லை. கிணற்றில் தவறி விழுந்ததாகவும் இருக்கலாம், குப்பையோடு போனதாகவும் இருக்கலாம். மேட்டு லயத்தில், தரைக்கு அடியில், குழி வெட்டிய அடையாளத்தோடு கிடைத்ததா, அல்லது ஆற்றோர மண்ணில் கிடைத்ததா என்று தெரிந்தால் ஓரளவு சொல்லியிருக்கலாம். முழுப் பெயர் தெரிந்தால் பாட்டி காலத்து ஆட்களிடம் விசாரித்திருக்கலாம். மீனாட்சியா, மீனம்மாவா, அவர்களின் பிள்ளைகள் இப்போது எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று தேடியிருக்கலாம். பதினைந்து வெள்ளியோடு எல்லாம் போயிற்று.

ஒரு தோட்டா உறை சொன்ன சாட்சியம்

பொருள் கிடந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்கள் எனக்குப் புரிய வைத்தன.

முதலாவது அமெரிக்காவில். அங்கே மேற்கு எல்லைப்புறத்துப் பழைய கோட்டைகள், இராணுவ முகாம்கள், குடியேறிகளின் வீடுகள் இருந்த இடங்களில் பொத்தான், தோட்டா, குதிரை லாடம், பாட்டில் என்று தோண்டிச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. மொண்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற ஆற்றங்கரையில் 1876 ஜூன் மாதம் ஒரு சண்டை நடந்தது. கஸ்டர் என்ற தளபதியோடு நேரடியாக நின்ற சுமார் 210 பேரும் லக்கோட்டா, செயென் பழங்குடிப் போராளிகளிடம் மாண்டார்கள். அந்தப் படைப்பிரிவில் நடந்ததைச் சொல்ல இராணுவத் தரப்பில் ஆள் இல்லை. பழங்குடியினர் சொன்னதை வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

1983-இல் அந்தப் புல்வெளியில் தீப்பிடித்துத் தரை வெறுமையானது. 1984-இலும் 1985-இலும் தொல்லியலாளர்கள் அங்கே இறங்கினார்கள். உலோகம் கண்டறியும் கருவிகளை வைத்திருந்த தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. கருவி ஒலித்த இடத்தில் முதலில் ஒரு கொடியை நட வேண்டும். ஒவ்வொரு பொருளும் கிடந்த புள்ளியை அளந்து வரைபடத்தில் ஏற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாவின் அடியில் தனக்கே உரிய தடத்தை விடும். ஆகவே ஒரே துப்பாக்கியிலிருந்து வந்த உறைகள் எந்தெந்த இடத்தில் கிடந்தன என்று கோடு போட்டால், அதைப் பிடித்திருந்தவர் எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்று தெரிந்துவிடும். பழங்குடியினரிடம் பலர் நினைத்ததைவிட அதிகமான துப்பாக்கிகள் இருந்தன என்பதும் அப்படித்தான் தெரிய வந்தது. அதே உறைகளை யாராவது பொறுக்கி ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு வைத்திருந்தால், அவை வெறும் பித்தளை.

இரண்டாவது உதாரணம் நமக்கு நெருக்கமானது. கீழடி. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. தங்கள் பாத்திரத்தில் பெயர் எழுதி வைக்கும் வழக்கம் எத்தனை பழையது பாருங்கள்! அந்த இடத்தின் காலத்தை எப்படிச் சொன்னார்கள்? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டைச் சோதித்தபோது கி.மு. 580 என்று தெரிந்தது. 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டபோது நாம் எல்லோரும் புலனத்தில் பகிர்ந்து மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்கு அடிப்படை 353 என்ற அளவு. யாரோ ஒருவர் அளவுநாடாவைப் பிடித்து அதைக் குறித்து வைத்தார். நான் செம்பை எடுத்தபோது என் கையில் மண்வெட்டி மட்டும்தான் இருந்தது.

நம் காலடியில் எத்தனை அடுக்குகள்

உலு சிலாங்கூரில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கெர்லிங்கிலிருந்து சற்றுத் தெற்கே போனால் கோலகுபு. 1883 அக்டோபர் 29-ஆம் தேதி அங்கே இருந்த பழைய அணை உடைந்து ஊரே வெள்ளத்தில் போனது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். 'அம்பாங் பெச்சா' என்ற பெயருக்கே உடைந்த அணை என்றுதான் பொருள். அதன் பிறகும் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றில் சேர்ந்து சேர்ந்து, பழைய ஊரை வெள்ளம் விடவில்லை. நகரத் திட்டமிடுநர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி மேட்டில் புது ஊர் எழுந்தது. அதுதான் கோலகுபு பாரு. பழைய ஊரின் தெருவும் வாசலும் மணலுக்கு அடியில் இருக்கின்றன.

வடக்கே தஞ்சோங் மாலிமைத் தாண்டினால் சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் அங்கே 11-ஆவது இந்தியப் படைப்பிரிவின் வரிசைகளைப் பிளந்துகொண்டு போயின. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் சிதறினார்கள். சில நாள்களில் கோலாலம்பூர் விழுந்தது.

பிறகு 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1951 அக்டோபர் 6-இல் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில்தான். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகிறார்களா என்று வாசலில் சோதித்தார்கள். பாட்டி சின்னப் பிள்ளையாக அந்த வேலியைப் பார்த்தவர்.

இப்படி ஒரே மண்ணில் ஒன்றின் மேல் ஒன்றாகக் காலங்கள் கிடக்கின்றன. இதில் நானே மாட்டிக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு.

கணிதப் புத்தகத்தில் வரைந்த படம்

படிவம் இரண்டில் லயத்துக்குப் பின்னால் கால்வாய் ஓரம் ஒரு தோட்டா கிடைத்தது. உறை மட்டும் இல்லை, முனையோடு முழுத் தோட்டா. அதன் ஆபத்து தெரியாமல் பென்சில் பெட்டியில் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தேன். பள்ளிக்குக்கூடக் கொண்டு போனேன். ஒரு நாள் மாமா பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போனதை இன்னும் மறக்கவில்லை. அதை மெதுவாக வெளியே வைக்கச் சொல்லி, எங்களையெல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

மாமா பார்ப்பதற்கு முன்பே, தோட்டாவின் அடியில் இருந்த எழுத்துகளை நான் கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தேன். 'கே' என்றும் 'எஃப்' என்றும் இரண்டு எழுத்துகள், நடுவில் 41 என்ற எண். கீழே 'கால்வாய், இரண்டாவது பாலத்துக்குக் கிட்ட' என்று எழுதியிருந்தேன். அதை எழுத எனக்கு அன்று ஏன் தோன்றியது என்று தெரியாது.

பல்கலைக்கழகத்தில் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த எழுத்துகள் இந்தியாவில் புனே அருகே உள்ள கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரை. 41 என்பது 1941. அப்படியானால் அது 1942-இல் பின்வாங்கிய இந்திய வீரரின் தோட்டாவா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. 1941-இல் செய்த தோட்டாவை அவசரகாலத்திலும் பயன்படுத்தியிருக்கலாம். பாட்டியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "இரண்டாவது பாலமா? முள்வேலி அங்கதான் போச்சு. ராத்திரியில ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அங்கதான் ஜாகா நிப்பாங்க" என்றார். ஆகவே காவல் நின்ற ஒருவர் கையிலிருந்து விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் உறுதியில்லை, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிகிறது.

கையில் இருக்கும் 43 பொருள்களைப் பற்றி என்னால் இவ்வளவு சொல்ல முடியவில்லை. கையை விட்டுப் போன ஒன்றைப் பற்றிச் சொல்ல முடிகிறது. ஒரு படமும் ஒரு வரிக் குறிப்பும் செய்த வேலை அது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) இருக்கிறது. மரபுடைமை மதிப்புள்ளது என்று நம்பத்தக்க பொருளைக் கண்டெடுத்தவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். பழம்பொருளைத் தேடி அகழ்வதற்கு உரிமம் வேண்டும். தோட்ட நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. அனுமதியின்றித் தோண்டுவதும் தவறு. இவை எதுவும் எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்பது நியாயம் ஆகாது.

தோட்டா, குண்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது குற்றம். எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து உயிரோடு இருக்கலாம். தொடாதீர்கள், விலகி நின்று 999-ஐ அழையுங்கள்.

பணத்துக்காகத் தோண்டினால் எது வரை போகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1941 டிசம்பர் 10-இல் குவாந்தான் கடலில் மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு போர்க் கப்பல்களோடு 840 பேர் இறந்தார்கள். அவர்களின் கல்லறையாக இருக்கும் அந்தக் கப்பல்களின் இரும்பைக் கூடப் பெயர்த்து எடுக்கிறார்கள். 2023 மே மாதம் நம் கடல்சார் அமலாக்கத் துறை தடுத்து வைத்த ஒரு கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. மேம்பாட்டுக்காக அழிவதும் உண்டு. 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி ஒரு நிலமேம்பாட்டுப் பணியில் தரைமட்டமானபோது எத்தனை பேர் வருந்தினோம். ஆயிரம் ஆண்டுப் பழைமையான சண்டிக்கே அந்தக் கதி என்றால், லயத்து வீட்டுக்கு யார் காவல்?

நாம் என்ன செய்யலாம்?

ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் எடுக்காதீர்கள், படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஐம்பது காசு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று, மரம், கால்வாய், கோயில் ஏதாவது தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் என்ன, பக்கத்தில் வேறென்ன கிடந்தது, தேதி என்ன என்று அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துவிடும். என்னைப்போல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். துருவும் களிம்பும் கூட ஆய்வாளருக்குச் செய்திதான். பிறகு நிலத்தின் உரிமையாளருக்கும் மாவட்ட அலுவலகத்திற்கும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. பொருள் மண்ணுக்குள் இன்னும் பல ஆண்டுகள் கிடக்கும். அது என்ன என்று சொல்லத் தெரிந்த பாட்டிமார்கள் அத்தனை நாள் இருக்க மாட்டார்கள். பொருளைக் காட்டி, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் பாட்டி" என்றால் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு பழைய மங்கைக் கையில் கொடுத்தால், எந்த நிரையில் எத்தனை மரம் வெட்டினார்கள், பெரட்டுக்குத் தாமதமாகப் போனால் கிராணி என்ன சொல்வார் என்பது வரை வரும்.

போன மாதம் மாமா மகனும் நானும் பழைய இடத்துக்குப் போனோம். மேட்டு லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அனுமதி கேட்டுக்கொண்டு நடந்தோம், எதையும் தோண்டவில்லை. கிணறு இருந்த இடம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கோயில் மரம் என்று பாட்டி சொன்னபடி ஒரு வரைபடம் போட்டோம். இருவர் நினைவையும் சேர்த்துப் பார்த்ததில் 43 பொருள்களில் ஒன்பதுக்கு இடம் கிடைத்தது. அந்த மண் மங்கு கிணற்றடியில் கிடைத்தது என்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. எடுக்கும்போது அவன் காலில் வெட்டுப்பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். 34 சீட்டுகளில் 'இடம் தெரியாது' என்று எழுத வேண்டியிருந்தது. 44-ஆவதாக ஒரு சீட்டு மட்டும் பொருள் இல்லாமல் டின்னில் இருக்கிறது: 'பித்தளைச் செம்பு. பெயர்: மீ... விற்றுவிட்டேன்.' உலு சிலாங்கூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது, ஒரு பக்கம் நசுங்கிய, கழுத்தில் பெயர் வெட்டிய செம்பு இருந்தால், அந்தப் பெயரை முழுதாகப் படித்து எழுதி வையுங்கள். செம்பு உங்களிடமே இருக்கட்டும்.